தணிகாசலம் என்று ஒருவர்

“சாமி, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் முதலில் கேட்பார்களாம். என்ன சொல்வது?”

காலைப் பூசை முடிந்து சாமி ஆசிரம மண்டபத்தில் வந்து உட்கார்ந்த நேரத்தில் தணிகாசலம் இதைக் கேட்டான். எதிரே வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

“யார் கேட்பார்கள்?”

“வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனி, சாமி. ஸ்டோர் கீப்பர் வேலை. நாளைக்கு இன்டர்வியூ.”

சாமி கண்ணை மூடிக்கொண்டார். எதிரே இருந்தவர்களும் மூடிக்கொண்டார்கள்.

“போகிறவன் யார்?” என்றார்.

தணிகாசலம் நின்றான்.

“அதைக் கண்டுபிடி. பிறகு போ. கண்டுபிடித்துவிட்டால் போக வேண்டியிருக்காது.”

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கைகூப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

ஆனால் அரக்கோணத்தில் தணிகாசலத்தின் அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்தாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தங்கை புனிதா இரண்டு மாதம் வைத்துப் பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

“அண்ணா, இவர் வீட்ல முகம் சுளிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் யார்கிட்டச் சொல்றது?”

“ஏதாவது வழி பிறக்கும்மா.”

“அதையேதான் எப்பவும் சொல்ற. உன்னால முடியுமா முடியாதா, அதச் சொல்லு.”

ஆசிரமத்தில் நோயாளிகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்று சாமி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, எதிலும் மனசு ஒட்டாமல், இருபத்தாறு வயதில் அவன் இந்த மலையடிவாரத்துக்கு வந்தான். அப்போது கூரைக் கொட்டகையும் ஒரு கிணறும்தான் இருந்தன. சாமிக்கும் அவனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. சாமி நான்கைந்து வருஷம் மூத்தவராக இருப்பார். ஆனால் அவர் பேசியபோது தணிகாசலத்துக்கு உள்ளே என்னவோ அடங்கியது. இங்கேயே இருந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தான்.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

தீட்சை மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு குருபூர்ணிமைக்கும் கேட்பான். “இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்” என்பார் சாமி. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் தீட்சை வாங்கி, புதுப் பெயர் சூட்டிக்கொண்டு, வேறு ஊர்களில் கிளை நடத்தப் போய்விட்டார்கள். இவன் மட்டும் எல்லோருக்கும் ‘தம்பி’யாகவே இருந்தான்.

அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. தான் கனமான காய், பழுக்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டான்.

*

ஷூ கம்பெனியில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள்.

“உங்களப் பத்திச் சொல்லுங்க.”

தணிகாசலம் கண்ணை மூடினான். போகிறவன் யார் என்று உண்மையாகவே தேடினான். கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சார், உடம்பு சரியில்லையா?”

“இல்லைங்க. சொல்றதுக்கு எதுவும் இல்லைங்க.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் அவன் கொடுத்த தாளைப் புரட்டினார்.

“டிப்ளமா முடிச்சு ரெண்டு இடத்துல வேல பார்த்திருக்கீங்க. அப்புறம் இத்தன வருஷம் ஒண்ணுமே எழுதலையே. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ஆசிரமத்துல இருந்தேங்க.”

“அங்க என்ன பண்ணீங்க?”

“நான் எதுவும் பண்ணலைங்க. எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது.”

மூத்தவர் பேனாவை மூடினார். பரிதாபமாகத்தான் பார்த்தார்.

“சரிங்க. நாங்க கூப்பிடுறோம்.”

யாரும் கூப்பிடவில்லை.

*

நடந்ததைத் தணிகாசலம் சாமியிடம் சொன்னான். என்ன தப்பு செய்தேன் என்று கேட்கத்தான் சொன்னான்.

சாமி சிரித்தார். வெகு நேரம் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவில் அது கதையாக வந்தது.

“நம்முடைய தம்பி ஒரு கம்பெனிக்குப் போனான். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றான். அவர்களுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவர்கள் செருப்புக்கு ஆள் தேடுகிறவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவனை அவர்களுக்கு அடையாளம் தெரியுமா?”

மண்டபம் முழுவதும் கைதட்டியது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் எழுந்து வந்து தணிகாசலத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்போது அவன் கையில் மோர்க் குவளைகள் அடுக்கிய தட்டு இருந்தது. கீழே வைக்க இடம் இல்லாமல் அப்படியே நின்றான்.

சாயங்காலம் புனிதா மறுபடி போன் செய்தாள்.

“வேலை என்னாச்சுண்ணா?”

“கிடைக்கலம்மா.”

“ஏன்?”

பெங்களூர்க்காரருக்குப் புரிந்தது எதையும் அவளுக்குச் சொல்ல அவனால் முடியவில்லை.

“அம்மாவ எங்கயாவது முதியோர் இல்லத்துல சேத்துடலாம்னு இவர் சொல்றாரு” என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள்.

*

இரண்டாவது வாய்ப்பு திருப்பத்தூரில் வந்தது. ஒரு தனியார் பள்ளி. பையன்கள் விடுதிக்குக் காப்பாளர் வேலை. விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு கொடுப்பார்கள். குடும்பத்தோடு தங்கலாம். அம்மாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை அவன் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. சமையலில் கூட இருக்கிற பையன்களிடம், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னான். காலைச் சமையலை முடித்து, மதியத்துக்குக் காய் நறுக்கி, ரசத்துக்குப் புளி கரைத்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பள்ளி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் ஜெசிந்தா. பெண்கள் விடுதிக் காப்பாளர் வேலைக்கு வந்திருந்தாள்.

“பயமா இருக்குதுங்களா?” என்றாள்.

“ஆமாங்க. முதல் கேள்விதான். உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா எனக்கு எதுவும் வர மாட்டேங்குது.”

“நான் எப்படிச் சொல்வேன்னு கேளுங்க.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என் பேரு ஜெசிந்தா. நாட்றம்பள்ளி. ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி ஆயாவா இருந்தேன். வலியில கத்துற பிள்ளைங்கள எனக்குச் சமாளிக்கத் தெரியும். வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு பொண்ணு இருக்கா, இங்கயே படிக்க வைக்கணும். அதனால இந்த வேலையில ரொம்ப நாள் இருப்பேன். அவ்வளவுதான்.”

“வீட்டுக்காரர் போனதையும் சொல்வீங்களா?”

“போனது உண்மைதான? அவங்க கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுக்கு முன்னால நானே சொல்லிடுவேன். நீங்க சொல்லுங்க பார்ப்போம்.”

தணிகாசலம் தொண்டையைச் செருமினான்.

“ஆசிரமத்துல இருந்தேன். காலையில நாலு மணிக்கு சமையல் ஆரம்பமாகும்.”

“யாரு சமைப்பாங்க?”

“சமையல் நடக்கும்.”

“தானா நடக்குமா?”

அவன் யோசித்தான். “இல்ல.”

“அப்ப யாரு?”

சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் சின்னச் சொல் நாக்கில் ஏறவில்லை. அதை உதிர்ப்பதற்குத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டிருந்தான். ‘நான் சமைத்தேன்’ என்று சொல்லாதே, ‘சமையல் நடந்தது’ என்று சொல் என்பது அங்கே பாடம். மற்றவர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள். அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

“நான்” என்றான்.

“அது. இப்ப முழுசாச் சொல்லுங்க.”

“நான் சமைப்பேன்.”

“எத்தன பேருக்கு?”

“நாப்பது பேருக்கு. விசேஷம்னா ஐநூறு பேரு வருவாங்க. அதுவும் நான்தான்.”

“வேற?”

“மோட்டார் ரிப்பேர் ஆனா நான் பார்ப்பேன். கக்கூஸ் அடைச்சா நான் எடுத்துவிடுவேன். ஒரு வருஷம் எல்லாருக்கும் மஞ்சள்காமாலை வந்துச்சு. எல்லாருக்கும் கஞ்சி வச்சு, தண்ணி காய்ச்சி, தட்டு தனித்தனியா கழுவி வச்சேன். வயசான ஒருத்தர் படுக்கையில இருந்தாரு. அவர நான்தான் பார்த்துக்கிட்டேன். என் மடியிலதான் போனாரு.”

சொல்லச் சொல்ல அவனுக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒரு தெரியாத ஆளைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. அந்த ஆள் மேல் அவனுக்கு மரியாதை வந்தது.

ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவும் வச்சிக்கிட்டா ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?”

உள்ளேயிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு கணம் கழித்துத்தான் அது தன் பெயர் என்று உணர்ந்து எழுந்தான்.

*

பள்ளித் தாளாளர் வசுமதி அம்மாள் கண்டிப்பானவர். முகத்தில் சிரிப்பு இல்லை.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

சொன்னான். பெஞ்சில் சொன்னதைவிட நிதானமாகச் சொன்னான். பெயர், ஊர், படிப்பு. ஏன் ஆசிரமத்துக்குப் போனான், அங்கே என்னென்ன செய்தான். அம்மா படுத்திருப்பதையும், இந்த வேலை கிடைத்தால் அவளை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதையும் அவர் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

“ராத்திரியில ஒரு பையன் வீட்டு ஞாபகம் வந்து அழறான். என்ன பண்ணுவீங்க?”

“சாப்பிட்டானான்னு கேப்பேங்க. பாதிப் பேரு சாப்பிட்டிருக்க மாட்டாங்க. சாப்பிட வச்சுட்டுப் பக்கத்துல உட்காருவேன்.”

“அப்புறமும் அழுதா?”

“அழட்டுங்க. நான் எழுந்து போக மாட்டேன்.”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“திங்கட்கிழமை சேர முடியுமா?”

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. தலையை ஆட்டினான்.

“ஒரே ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன். வழக்கமா எல்லாருக்கும் பண்றதுதான். உங்க ஆசிரமத்து நம்பர் சொல்லுங்க.”

எண்ணைச் சொன்னான். தாளாளர் போனை மேசை மேல் வைத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

சாமியின் குரல்தான். அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

“வணக்கம் சாமி. திருப்பத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பேசறோம். தணிகாசலம்னு ஒருத்தர் உங்ககிட்ட பதினஞ்சு வருஷமா இருந்ததாச் சொல்றார். அவரைப் பத்தி...”

“தணிகாசலமா?”

“ஆமாங்க.”



“அப்படி யாரும் இங்கே இல்லையே அம்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி.”

“யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெயரில் இங்கே யாரும் இருந்ததில்லை.”

போன் வைக்கப்பட்டது.

தாளாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தணிகாசலம் போனையே பார்த்தபடி நின்றான்.

“உங்களைப் பார்த்தா பொய் சொல்ற ஆள் மாதிரித் தெரியல” என்றார் அவர். “ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பிள்ளையைப் பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். அவரே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். திங்கட்கிழமை வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்.”

வராந்தாவில் ஜெசிந்தா எழுந்து வந்தாள்.

“என்னாச்சுங்க?”

“நல்லாச் சொன்னேங்க” என்றான். “ரொம்ப நல்லாச் சொன்னேன்.”

அதற்கு மேல் நிற்காமல் இறங்கி நடந்தான்.

*

பஸ்ஸில் முதலில் கோபம் வந்தது.

பாதி வழியில் கோபம் தணிந்தது. வேறொன்று தோன்றியது.

சாமிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். தணிகாசலம் என்று யாரும் இல்லை. இதைவிட ஒரு குரு என்ன சொல்லிவிட முடியும்? வராந்தாவில் உட்கார்ந்து நான் நான் என்று அடுக்கினாயே, அத்தனையையும் ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். யார் கண்டது, இதுதான் தீட்சையோ என்னவோ. பதினைந்து வருஷம் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தானோ.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவை நினைத்தான். சாமி காலில் விழுந்தால் அதற்கும் ஒரு வழி சொல்வார். வெட்டியவருக்குச் சேர்க்கத் தெரியாதா?

பஸ்ஸை விட்டு இறங்கி மலையடிவாரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

*

சாமி தன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் சாதாரணமாகத்தான் பேசுவார்.

தணிகாசலம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து, கைகட்டி நின்றான்.

“எங்கப்பா போயிட்ட?” என்றார் சாமி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “மத்தியானம் ரசம் வாய்ல வைக்க முடியல. அந்தப் பசங்களுக்கு உப்பு போடக்கூடத் தெரியல.”

“சாமி, காலையில ஒரு போன் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு. ஏதோ ஸ்கூலாம். தணிகாசலம்னு யாரையோ கேட்டாங்க. ராங் நம்பர்.”

தணிகாசலம் காத்திருந்தான். சாமியின் முகத்தில் ஒரு சிரிப்புக்காக, ஓர் ஓரப்பார்வைக்காகக் காத்திருந்தான். சாமி பக்கத்தைப் புரட்டினார்.

“அது நான்தான் சாமி.”

“எது?”

“தணிகாசலம்.”

சாமி பேப்பரை இறக்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒளித்து வைத்த எதுவும் அந்தப் பார்வையில் இல்லை.

“உன் பேரா அது?” என்றார்.

“ஆமாம் சாமி.”

“முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

வெளியே குழாயடியில் யாரோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு பள்ளிக்கூடத்து விஷயத்தைச் சொன்னான். அம்மாவுக்காகத்தான் என்றான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

சாமி கெட்டவர் இல்லை. உடனே கையை நீட்டினார்.

“நம்பரக் கொடு. என்ன சொல்லணும்?”

“உங்களுக்கு என்னப் பத்தி என்ன தெரியுமோ அதச் சொல்லுங்க சாமி.”

சாமி எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் தாளாளர் எடுத்தார்.

“அம்மா, காலையில் கேட்டீர்களே, தணிகாசலம். ஆமாம், இங்கே இருக்கிறவர்தான். பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“நம்முடைய சமையல்காரர், அம்மா.”

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“நன்றாகச் சமைப்பார். கை சுத்தம். குரலை உயர்த்திப் பேச மாட்டார்.” சாமி நிறுத்தி, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்தார். “அவ்வளவுதான் அம்மா. ஆமாம். நல்லது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“திங்கட்கிழமை சேந்துக்கச் சொன்னாங்க. போதுமா?”

“போதும் சாமி” என்றான் தணிகாசலம்.